சித்திரையில் நலிந்து கார்த்திகையில் சாகும் பேட்டரி

ஐப்பசி பிறந்து வானம் மூடிக்கொண்டதும் திண்டுக்கல் சமவெளியின் தோட்டத்து வீடுகளில் விளக்குகள் சீக்கிரம் அணையத் தொடங்கும். போன மாதம் விடியும்வரை சுற்றிய மின்விசிறி இப்போது பத்து மணிக்கே நின்றுவிடும். யுபிஎஸ் கீச்சுக் கீச்சென்று கத்தும். "மழை பிடிச்சதும் பேட்டரி போயிருச்சு" என்பார்கள். மழையின் மேல் போடும் இந்தப் பழி தவறு. அந்தப் பேட்டரி நலிந்தது சித்திரை, வைகாசி வெயிலில். நலிவை மூடி வைத்திருந்த நல்ல வெயில் விலகியதும் உண்மை வெளியே வந்தது, அவ்வளவுதான். காரணம் ஒரு காலத்திலும் விளைவு இன்னொரு காலத்திலும் இருப்பதால்தான், நம்மூரில் நல்ல பேட்டரி பலவும் காலத்துக்கு முன்பே காயலான் கடைக்குப் போகின்றன. போகவேண்டியவை பல வருடக்கணக்கில் மூலையில் கிடந்து மின்சாரத்தைத் தின்கின்றன.

இந்த வட்டாரத்தில் பேட்டரி வீட்டுப்பொருளானது மின்வெட்டுக் காலத்தில். 2008 தொடங்கி, குறிப்பாக 2012இல், சென்னைக்கு வெளியே பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாத நாட்களை யாரும் மறந்திருக்க முடியாது. இன்வெர்ட்டரை யுபிஎஸ் என்றே அழைக்கும் வழக்கம் வேடசந்தூர் முதல் வத்தலகுண்டு வரை பரவியது அப்போதுதான். அதே ஆண்டுகளில் அரசும் ஏழை வீடுகளுக்குச் சூரிய விளக்கைக் கொண்டுவந்தது. 2011இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் ஆண்டுக்கு 60,000 வீடுகள், ஒவ்வொன்றும் 300 சதுர அடி. வீட்டுக்கு ஒதுக்கிய 1.80 லட்சம் ரூபாயில் 30,000 ரூபாய் ஐந்து சிஎஃப்எல் விளக்குகள் கொண்ட சூரிய ஒளி அமைப்புக்கு. நல்ல திட்டம். ஆனால் சூரியப் பலகை இருபத்தைந்து ஆண்டு உழைக்கும், ஈய பேட்டரி ஐந்து முதல் எட்டு ஆண்டு உழைத்தால் பெரிது. முதல் ஆண்டுகளில் வைத்த எந்தப் பேட்டரியும் இன்று தன் காலத்தைக் கடந்ததுதான்.

சூரிய மின்சாரம் என்றாலே பேட்டரி உண்டு என்று நினைக்க வேண்டாம். பிஎம் சூர்ய கர் திட்டத்தில் மாடியில் வைக்கும் பலகைகள் பெரும்பாலும் மின்வாரியக் கம்பியோடு இணைந்தவை, பேட்டரி இல்லாதவை. கரண்ட் போனால் அவையும் நின்றுவிடும். வயலில் நிற்கும் சூரிய பம்புசெட்டுக்கும் பேட்டரி கிடையாது. பகலில் இறைத்துத் தொட்டியில் நிரப்பினால் போதும். சேமிக்கவேண்டியது நீர் என்றால், உலகத்திலேயே மலிவான பேட்டரி சிமெண்டுத் தொட்டிதான். இரவில் வெளிச்சமும் காற்றும் வேண்டிய இடத்தில்தான் உண்மையான பேட்டரிக்கு வேலை. தோட்டத்து வீடு, கோழிப்பண்ணைக் காவல் அறை, சாலையோரக் கடை, சமையலும் படுக்கையும் வண்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஊர் சுற்றும் கேரவன் என எல்லாவற்றிலும் சிக்கல் ஒன்றே: சின்னப் பலகை, சின்னப் பேட்டரி, கணக்கில் அடங்காத செலவு.

பிரான்சில் காஸ்தோன் பிளான்தே 1859இல் செய்த ஈய-அமில பேட்டரியின் வேதியியல் இன்றும் மாறவில்லை. ஒரு தகடு ஈயம், எதிர்த்தகடு ஈய டைஆக்சைடு, நடுவே நீர்த்த கந்தக அமிலம். மின்சாரம் எடுக்கும்போது இரண்டு தகடுகளும் ஈய சல்ஃபேட்டாக மாறும். அதற்கான சல்ஃபேட் அமிலத்திலிருந்தே வருவதால் அமிலம் நீர்த்துக்கொண்டே போகும். சார்ஜ் ஏற்றும்போது தகட்டில் இருந்த சல்ஃபேட் திரும்ப அமிலத்துக்குள் போகும், அமிலம் கனமாகும். எனவே அமிலத்தின் அடர்த்தியை அளந்தால் பேட்டரிக்குள் எவ்வளவு மின்சாரம் மிச்சம் என்று தெரிந்துவிடும். கடைக்காரர்கள் 'கிராவிட்டி' என்று சொல்லும் அளவு இதுதான். வயிற்றில் என்ன இருக்கிறது என்பதை இவ்வளவு நேர்மையாகச் சொல்லும் பொருள் நம் வீட்டில் வேறெதுவும் இல்லை என்பது என் எண்ணம். நூறு, இருநூறு ரூபாய்க்கு ஒரு ஹைட்ரோமீட்டர் வாங்கினால் கேட்கலாம். நாம்தான் கேட்பதில்லை.

இப்போது நலிவுக்கு வருவோம். தகட்டில் படியும் சல்ஃபேட் முதலில் நுண்ணிய பொடியாக இருக்கும். அன்றன்றே முழுதாகச் சார்ஜ் ஏறினால் அது கரைந்துபோகும். பாதி சார்ஜிலேயே நாள் கணக்கில் கிடந்தால் சின்னப் படிகங்கள் கரைந்து பெரிய படிகங்களோடு சேர்ந்து இறுகும். அவை மின்சாரத்தைக் கடத்தாதவை, எளிதில் கரையாதவை. தகட்டின் அந்தப் பகுதி இனி வேலைக்கு உதவாது. பழுதுபார்ப்பவர்கள் இதை "சல்ஃபேட் பிடிச்சிருச்சு" என்பார்கள். சூரிய பேட்டரிகள் பெரும்பாலும் அதிக வேலையால் சாவதில்லை, அரைவயிற்றோடு நாளெல்லாம் கிடப்பதால் சாகின்றன.

ஒரு கணக்குப் போட்டால் புரியும். 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரி ஒன்று. சூரிய ஒளிக்கென்று விற்பவற்றில் சி-10 என்று அச்சிட்டிருப்பார்கள். 15 ஆம்பியர் வீதம் பத்து மணி நேரம் தரும் என்பது பொருள். வெறும் யுபிஎஸ் பேட்டரிகளின் 150 பெரும்பாலும் சி-20 கணக்கு. இருபது மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் அளவு அது, வேகமாக எடுத்தால் குறையும். இரண்டிலும் ஒரே எண் அச்சிட்டிருந்தாலும் சரக்கு ஒன்றல்ல.

அந்தப் பேட்டரி வைத்த ஒரு வீட்டில் 70 வாட் மின்விசிறி எட்டு மணி நேரம், மூன்று எல்இடி விளக்குகள் ஐந்து மணி நேரம், சின்னத் தொலைக்காட்சி மூன்று மணி நேரம் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். யுபிஎஸ் தனக்கென்று எடுத்துக்கொள்வதையும் சேர்த்தால் ஓர் இரவில் சுமார் 80 ஏஎச் போகும். அதாவது பாதிக்குச் சற்று மேல். திருப்பி நிரப்ப 90 ஏஎச்-க்கு மேல் வேண்டும், ஏனென்றால் ஏற்றுவதில் கொஞ்சம் வெப்பமாகவும் வாயுவாகவும் வீணாகும். 160 வாட் பலகை ஒன்று உச்சி வெயிலில் 9 ஆம்பியர் தரும். முழு வெயிலுக்குச் சமமான நேரம் நம்மூரில் சராசரியாக நாளுக்கு ஐந்து மணி. ஆக ஒரு பலகை தருவது 45 ஏஎச், தூசி படிந்திருந்தால் 40. இரண்டு பலகை வைத்தாலே இழுபறி. ஒரே பலகை வைத்த வீட்டில் பேட்டரி எந்த நாளும் நிரம்பாது, வாங்கிய மாதத்திலிருந்தே சல்ஃபேட் பிடிக்கத் தொடங்கியிருக்கும்.

அந்த வீட்டில் முதலில் மாற்றவேண்டியது பேட்டரி இல்லை, மின்விசிறி. 30 வாட்டில் சுற்றும் பிஎல்டிசி விசிறி போட்டால் ஓர் இரவுக்கு 30 ஏஎச் மிச்சம். புதுப் பேட்டரியின் விலையில் நாலில் ஒரு பங்குகூட அந்த விசிறிக்கு ஆகாது. பேட்டரி விற்பவர் இதைச் சொல்லமாட்டார், நாம்தான் கணக்குப் பார்க்கவேண்டும்.

இரண்டாவது எதிரி வெப்பம். பேட்டரியின் வெப்பநிலை 10 பாகை கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்கள் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் கணக்கு. வேதிவினைகள் சூட்டில் வேகமாவதுபோலவே, நேர்த்தகட்டின் ஈயச் சட்டம் அரிப்பதும் வேகமாகிறது. கோடையில் திண்டுக்கல் 38, 39 பாகையைத் தொடும்போது தகரக் கூரைக்கடியில், மேற்குச் சுவரோரம் வைத்த பேட்டரியின் உள்ளே 45 பாகை இருந்தால் வியப்பில்லை. இதே பேட்டரியை இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளிச் சிறுமலைக்கு மேலே கொண்டுபோய் வைத்தால் கூடுதலாகச் சில வருடங்கள் உழைக்கும். பொருளில் குறை இல்லை, வைத்த இடத்தில்தான் குறை.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. சூட்டில் அமிலம் சுறுசுறுப்பாக இருப்பதால், பேட்டரி அந்த நேரத்தில் வழக்கத்தைவிடச் சற்று அதிகமாகவே மின்சாரம் தரும். பகல் நீளம், வெயிலும் உண்டு. அரித்துக்கொண்டிருக்கும் பேட்டரி கோடையில் நன்றாக உழைப்பதாகத் தெரிவது இதனால்தான். வடகிழக்குப் பருவமழை வந்து, மூன்று நாள் தொடர்ந்து சூரியன் முகம் காட்டாமல், குளிரும் சேர்ந்தபோதுதான் மிச்சமிருந்த திறன் எவ்வளவு என்பது தெரியவருகிறது.

சார்ஜ் கன்ட்ரோலரும் வெப்பத்தை அறிந்திருக்கவேண்டும். 12 வோல்ட் பேட்டரியை நிரப்ப 14.4 வோல்ட் என்பது 25 பாகைக்குச் சொன்ன அளவு. சூடு ஒரு பாகை ஏறினால் சுமார் 0.024 வோல்ட் குறைக்கவேண்டும். 40 பாகையில் 14.0 போதும். நல்ல கன்ட்ரோலரோடு ஒரு சின்ன வெப்ப உணரி வயர் வரும், அதைப் பேட்டரியின் பக்கவாட்டில் ஒட்டவேண்டும். பல வீடுகளில் அது பெட்டியைவிட்டு வெளியே வருவதே இல்லை. அது இல்லாமல் கோடை முழுக்க 14.4இல் ஏற்றினால் தண்ணீர் வாயுவாகப் பிரிந்து குறைந்துகொண்டே இருக்கும்.

அந்தத் தண்ணீருக்கு என்ன ஊற்றுகிறோம் என்பது நம் மாவட்டத்தில் முக்கியமான கேள்வி. இங்கே ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உப்பு. நகரைச் சுற்றித் தோல் பதனிடும் ஆலைக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது ஊரறிந்த கதை. அந்த நீரில் உள்ள குளோரைடு தகட்டை அரிக்கும். இரும்பு இருந்தால் சும்மா இருக்கும்போதே பேட்டரி காலியாகும். வடிகட்டி வந்த ஆர்ஓ தண்ணீரும் ஆகாது. குடிக்கச் சுவையாக இருப்பதற்கென்றே அதில் உப்பு மிச்சம் வைத்திருப்பார்கள். டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்றவேண்டும். பேட்டரி நிரம்பிய பிறகு ஊற்றவேண்டும், தகடு வெளியே தெரிந்தால் மட்டும் மூழ்கும் அளவுக்கு முன்பே ஊற்றலாம். ஆசிட் ஊற்றவே கூடாது. குறைந்தது நீர்தான், அமிலம் உள்ளேயே இருக்கிறது. ஆசிட் ஊற்றினால் கிராவிட்டி உயர்ந்ததாகத் தெரியும், மறுபக்கம் தகடு வேகமாக அரிக்கும். கடைத்தெருவில் "செத்த பேட்டரிக்கு உயிர்" என்று விற்கும் உப்புக் கரைசல்களும் அளவைத்தான் உயர்த்தும், திறனைக் கூட்டாது.

இனி சோதனை. கண்ணாடி போட்டுக்கொண்டு, மோதிரமும் வளையலும் கழற்றிவைத்துவிட்டுத் தொடங்கவேண்டும். ஸ்பேனரோ தங்க வளையலோ இரண்டு முனைகளையும் ஒரு நொடி இணைத்தாலும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், உலோகம் தோலோடு உருகும். பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர் இருக்கட்டும், பீடியும் விளக்கும் வேண்டாம். சார்ஜ் ஏறும் பேட்டரி ஹைட்ரஜனை விடுகிறது. காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே அது தீப்பிடிக்கும்.

முதலில் பார்க்கவேண்டியது பேட்டரியை அல்ல, அதன் முனைகளை. வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா? லோடு ஓடும்போது மல்டிமீட்டரின் ஒரு ஊசியை ஈயக் கம்பத்தின் மேலும், இன்னொன்றை அதில் மாட்டிய வயரின் லக் மேலும் வைத்துப் பாருங்கள். அங்கே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குறை இணைப்பில் இருக்கிறது. சமையல் சோடாக் கரைசலால் கழுவி, தேய்த்து, இறுக்கி, வாசலின் தடவினால் பழைய பேட்டரி புதுசானதுபோல் நடந்துகொள்ளும். பேட்டரியே போய்விட்டது என்று மாற்றிய வீடுகளில் எத்தனைக்கு இந்த லக்தான் காரணமாக இருந்திருக்கும் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பலகையிலிருந்து வரும் மெல்லிய வயரும் இதே வேலையைச் செய்யும். கன்ட்ரோலரில் 14.4, பேட்டரியில் 13.8 என்று காட்டினால் நடுவில் வயர் விழுங்குகிறது.

அடுத்து, முழுதாக ஏற்றி, எல்லா வயரையும் கழற்றி, ஓர் இரவு சும்மா விடவேண்டும். ஏற்றியவுடன் வோல்ட்மீட்டர் காட்டும் 13 வோல்ட் மேலோட்டமானது, அதை நம்பிப் பயனில்லை. காலையில் ஆறு மூடிகளையும் திறந்து, ஒவ்வொரு செல்லின் கிராவிட்டியையும் அளந்து எழுதுங்கள். நம்நாட்டு டியூபுலர் பேட்டரிகளில் நிரம்பியபோது 27 பாகையில் 1.240 அளவில் இருக்கவேண்டும். சூடு அதற்கு மேல் 10 பாகை இருந்தால் படித்த அளவோடு 0.007 கூட்டிக்கொள்ள வேண்டும். அந்த எண்ணோடு 0.84 கூட்டினால் அந்தச் செல்லின் வோல்ட் கிடைக்கும்: 1.240 என்றால் 2.08, ஆறுக்கு 12.48. மீட்டரும் ஹைட்ரோமீட்டரும் ஒத்துப்போகிறதா என்று இப்படிச் சரிபார்க்கலாம்.

அந்த ஆறு எண்களில்தான் முழுக் கதையும் இருக்கிறது. ஆறும் ஒரேமாதிரி 1.190, 1.200 என்று குறைந்திருந்தால், பேட்டரி அரைவயிற்றில் இருந்திருக்கிறது, இன்னும் காப்பாற்றலாம். ஐந்து 1.230இல் இருந்து ஒன்று மட்டும் 1.180 என்றால் அந்தச் செல் போய்க்கொண்டிருக்கிறது. வித்தியாசம் 0.030 வரை இருந்தால் சந்தேகம், 0.050 என்றால் அநேகமாக முடிவு. ஹைட்ரோமீட்டருக்குள் வரும் அமிலம் செங்காவி நிறமாகக் கலங்கி வந்தால் நேர்த்தகடு உதிர்கிறது. அதற்கு மருந்து இல்லை.

ஒரு செல் உள்ளேயே ஷார்ட் ஆகியிருந்தால் மொத்த வோல்ட் 10.5இல் நின்றுவிடும். இதை உடனே கவனிக்கவேண்டும். கன்ட்ரோலர் 14.4 வரும் என்று காத்துக்கொண்டே இருக்கும், வராது. அந்த மின்சாரம் முழுக்க நல்ல ஐந்து செல்களில் கொதிக்கும். பேட்டரியின் பக்கம் புடைப்பதும் தொட முடியாமல் சுடுவதும் அழுகிய முட்டை வாடை வருவதும் இந்தக் கட்டம். அப்போது சோதனை வேண்டாம். பலகையைத் துண்டித்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, ஆறவிட வேண்டும்.

கிராவிட்டி நன்றாக இருந்தும் ஓடும் நேரம் குறைவா? அது உண்மையான முதுமை. கடிகாரம் பார்த்துச் சோதிக்கலாம். சுமார் 150 வாட் லோடு கொடுத்து, யுபிஎஸ் தானாக நிற்கும்வரை நேரத்தைக் குறியுங்கள். 150 ஏஎச் சி-10 பேட்டரி புதிதில் ஏறக்குறைய பத்து மணி நேரம் ஓடும். எட்டு மணி நேரத்துக்குக் கீழே வந்தால், அதாவது திறன் 80 சதவீதத்துக்குக் குறைந்தால், பொறியாளர்கள் ஓய்வுக்காலம் என்பார்கள். வீட்டில் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம், ஆனால் அதன்பின் சரிவு வேகமாக இருக்கும். சோதனை முடிந்த உடனே முழுதாக ஏற்றிவிட வேண்டும், காலியாக ஓர் இரவு விடுவதும் கேடு.

அரைவயிற்றுப் பேட்டரிக்குச் செய்யவேண்டிய சிகிச்சை ஈக்வலைசிங் எனப்படும் மிகைச் சார்ஜ். மின்வாரியக் கரண்டோ நல்ல வெயிலோ கொண்டு 15 வோல்ட்டுக்கு மேல் சில மணி நேரம் மெதுவாக ஏற்றுவது. குமிழ்கள் எழுந்து, அடியில் தங்கிய கனமான அமிலத்தை மேலே கலக்கும், இறுகத் தொடங்கிய சல்ஃபேட்டில் ஒரு பகுதி கரையும். மணிக்கொருமுறை கிராவிட்டி பார்த்து, மூன்று முறை தொடர்ந்து உயராமல் நின்றால் நிறுத்திவிடலாம். தண்ணீர் ஊற்ற முடியாத சீல் பேட்டரிகளுக்கு இது ஆகாது. மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த கேரவன், பூட்டிக் கிடந்த தோட்டத்து வீடு இவற்றின் பேட்டரிக்கு முதலில் இதைச் செய்துபார்ப்பதுதான் சரி. பயன்படுத்தாத பேட்டரி தானாகவும் வடியும், கோடையில் அந்த வடிதல் இன்னும் வேகம். பூட்டிப் போகும்போது லோடை அணைத்துவிட்டு, பலகையை மட்டும் இணைப்பிலேயே விட்டுப் போகவேண்டும்.

24 வோல்ட் அமைப்பில் இரண்டு பேட்டரிகளில் ஒன்று மட்டும் போனால், "ஒன்றை மட்டும் மாற்றலாமே" என்று தோன்றும். பழையது சீக்கிரம் காலியாகி, சீக்கிரம் நிரம்பியதாகக் காட்டும். அதை நம்பிக் கன்ட்ரோலர் நிறுத்திக்கொள்ள, புதியது அரைவயிற்றில் நிற்கும். ஓராண்டுக்குள் இரண்டும் ஒரே நிலைக்கு வந்துவிடும். மாற்றினால் இரண்டையும் மாற்றவேண்டும்.

அல்லது லித்தியத்துக்குப் போகலாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்ற பொருளை 1997இல் ஆய்வுக்கட்டுரையாக உலகுக்குச் சொன்னவர்கள் அமெரிக்காவின் டெக்சாஸில் இருந்த மூவர்: பாதி, நஞ்சுண்டசுவாமி, குடினஃப். குடினஃபுக்கு 2019இல் நோபல் கிடைத்தது. முதல் இருவரும் இந்தியர்கள் என்பதை நம்மவர்கள் இன்னும் கொஞ்சம் நினைவில் வைக்கலாம். இந்த வேதியியலில் சல்ஃபேட் கிடையாது. பாதி சார்ஜில் நாள் கணக்கில் கிடந்தாலும் கெடாது, சூரிய ஒளிக்கு இதைவிடப் பெரிய வரம் இல்லை. ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கலாம். சூடு மட்டும் இதற்கும் பகைதான். ஹைட்ரோமீட்டரும் இல்லை. நான்கு செல்லும் சேர்ந்து 13 வோல்ட் அருகிலேயே கடைசிவரை நிற்பதால் வோல்ட்மீட்டரும் உதவாது, உள்ளே செல்வதையும் வருவதையும் எண்ணும் மீட்டர் வேண்டும். பழைய யுபிஎஸ்ஸில் ஈக்வலைசிங்கை அணைக்காமல் லித்தியத்தை மாட்டினால் அதற்குள் இருக்கும் காவல் சுற்று அடிக்கடி துண்டித்துக்கொள்ளும்.

இந்த ஆராய்ச்சிகளுக்கு வெகுதூரம் பார்க்கவேண்டியதில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் காரைக்குடியில் இருக்கிறது. ஈயம், லித்தியம் இரண்டிலும் வேலை செய்த இடம். திண்டுக்கல்லிலிருந்து சில மணி நேரப் பயணம்தான். நம் கிராமத்துப் பசுமை வீடுகளுக்கும் அந்த ஆய்வகத்துக்கும் நடுவில் உள்ள தூரம் மட்டும் ஏனோ இன்னும் குறையவில்லை. மாவட்டத்துக்குள்ளேயே காந்திகிராமம் இருக்கிறது. கிராம மக்களுக்காகவே 1956இல் தொடங்கிய அந்த உயர்கல்வி நிறுவனத்தின் மாணவர்கள் ஆளுக்கொரு ஹைட்ரோமீட்டரோடு ஊர் ஊராகப் போனால், எத்தனையோ பேட்டரிகளின் கதை ஒரே பருவத்தில் தெரிந்துவிடும்.

செத்தேவிட்ட பேட்டரியை என்ன செய்வது? அதன் ஈயத்தை ஏறக்குறைய முழுதும் மீட்டெடுத்துப் புதுப் பேட்டரி செய்யலாம். ஆனால் உடைத்து, அமிலத்தை மண்ணில் ஊற்றி, திறந்தவெளி அடுப்பில் உருக்கினால் அந்த ஈயம் புகையாகவும் தூசியாகவும் குழந்தைகளின் இரத்தத்துக்குள் போகிறது. உலகில் மூன்றில் ஒரு குழந்தை, ஏறத்தாழ 80 கோடிப் பேர், ஆபத்தான அளவு ஈயத்தோடு வாழ்வதாக யுனிசெஃப் 2020இல் எழுதியது. அதற்குப் பெரிய காரணமாக அது சுட்டிக்காட்டியது இந்த முறையற்ற உருக்குதலைத்தான். இந்தியாவில் 2022இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைத்திருக்கின்றன. எனவே எடைக்கு இரண்டு ரூபாய் கூடத் தருகிறவரிடம் போடாமல், புதுப் பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதை அமிலத்தோடு, மூடிகளை இறுக்கி, நிமிர்ந்த நிலையில் கொண்டுபோய்க் கொடுத்து, அதற்கான தள்ளுபடியையும் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.